வீட்டுத் தொட்டியில் கல் பவளங்கள்: நிறம் குன்றாமல் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மாலையாகக் கோத்து அணிகின்ற செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. சங்கப் பாடல்கள் துகிர் என்று சொல்லும் அந்த மணிக்கும், வெப்பமண்டலக் கடல்களில் பாறைத்தொடர்களைக் கட்டியெழுப்பும் கல் பவளத்துக்கும் உள்ள உறவு மிகத் தூரமானது. இலங்கைத் தமிழர் முருகைக்கல் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். கரையொதுங்கிய முருகைக்கல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் நிறம் வெள்ளை, அல்லது பழுப்பு கலந்த சாம்பல். அந்தக் கல்லைப் போர்த்தியிருந்த மெல்லிய தசை உயிரோடிருந்த காலத்தில் அது ஊதாவாகவோ, இளம்பச்சையாகவோ, நுனி மட்டும் நீலமாகவோ இருந்திருக்கலாம் என்பது, உயிருள்ள பவளத்தை நேரில் காணும்வரை எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டு நிலவறையில், 300 லீற்றர் நீர் கொண்ட தொட்டியொன்றில் 11 ஆண்டுகளாகக் கல் பவளங்களை வளர்த்து வருகிறேன். முதல் 3 ஆண்டுகளில் நான் இழந்தவை ஏறக்குறைய எல்லாமே ஒரே காரணத்தால் இறந்தன. நீரின் அளவுகளைச் சரிசெய்கிறேன் என்று நான் அவற்றை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்ததே அந்தக் காரணம். ஆகையால் இந்த வழிகாட்டியில் எண்களைத் தருகின்ற ஒவ்வோர் இடத்திலும், அந்த எண்ணை எப்படி அசையாமல் வைத்திருப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல முயன்றிருக்கிறேன்.

தொடங்கும் முன் சட்டம்

கல் பவளங்கள் அனைத்தும் சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. அனுமதிப் பத்திரம் இல்லாமல் வணிகத்துக்காக அவற்றை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில், 2001 ஆம் ஆண்டு இவை சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ பாக்கு நீரிணையிலிருந்தோ ஒரு துண்டை எடுப்பது அங்கே கடுங்குற்றமாகும். இறந்து கரையொதுங்கிய துண்டுக்கும் விலக்கில்லை. இலங்கையின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் கல் பவளங்களைப் பாதுகாக்கிறது. எனவே இங்கே நான் எழுதுவது, கனடா, பிரித்தானியா, ஜேர்மனி, சிங்கப்பூர் போன்ற நாடுகளில், வளர்ப்புப் பண்ணைகளிடமிருந்தும் சக வளர்ப்பாளர்களிடமிருந்தும் சட்டப்படி துண்டுகளைப் பெறக்கூடியவர்களுக்கானது. அவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: கடலிலிருந்து வெட்டியெடுத்த முழுக் கொத்துகளை விட்டுவிட்டு, தொட்டியிலேயே வளர்ந்த தாய்ப் பவளத்திலிருந்து பிரித்த, ஃப்ராக் என்று அழைக்கப்படும் சிறு துண்டுகளையே வாங்குங்கள். பாறைத்தொடருக்குச் சேதமில்லை என்பதோடு, தொட்டி வாழ்வுக்குப் பழகிய துண்டு பிழைக்கும் வாய்ப்பும் அதிகம்.

நிறம் எங்கிருந்து வருகிறது

பவளத்தின் தசைக்குள் ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு அவை செய்யும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்கே போய்ச் சேர்கிறது. இந்த அல்காக்களின் நிறம் பொன்பழுப்பு. நாம் விரும்பும் பச்சையும் செம்மஞ்சளும் ஊதாவும் அல்காவினுடையவை அல்ல. அவை பவளமே உருவாக்கும் புரதங்கள். ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனில் கண்டுபிடித்த பச்சை ஒளிர்வுப் புரதத்துக்காக 2008 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்டது. பவளங்களின் ஒளிர்வுப் புரதங்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ திருப்பிக் கொடுப்பவை ஒரு வகை. ஒளிராமல் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி ஊதாவாகவும் நீலமாகவும் தோன்றுபவை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைப் போதிய ஒளி கிடைக்கும்போதுதான் பவளம் பெருமளவில் உருவாக்குகிறது.

இதிலிருந்து நடைமுறையில் இரண்டு விடயங்கள் பெறப்படும். நீரில் ஊட்டம் மிகுந்து ஒளி குறைந்தால் அல்காக்கள் பெருகி, அவற்றின் பழுப்பு மற்ற நிறங்களை மூடிவிடும். ஊட்டம் அறவே இல்லாமல் போனால் அல்காக்கள் குறைந்து, புரதம் செய்யவும் வலுவின்றிப் பவளம் வெளிறும். கடைத் தொட்டியில் ஊதாவாக மின்னிய அக்ரோபோரா என்னும் கிளைப்பவளம் உங்கள் வீட்டில் 3 வாரங்களில் மரப்பட்டை நிறமாகிவிட்டால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். உங்கள் தொட்டியின் நிலைக்கு அது கொடுத்த பதில் அது.

முதற்படி: எந்தப் பவளத்தில் தொடங்குவது

வளர்ப்பாளர்கள் கல் பவளங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். வாயும் அதைச் சுற்றிக் கைகளும் கொண்ட பவளத்தின் தனியுயிர் ஒவ்வொன்றும் ஒரு பொலிப்பு. சிறு பொலிப்புகளைக் கொண்டவை எஸ்.பி.எஸ்.; பெரிய, சதைப்பற்றுள்ள பொலிப்புகளைக் கொண்டவை எல்.பி.எஸ். இது வாணிப வழக்கே தவிர உயிரியல் வகைப்பாடு அன்று; ஆயினும் பயனுள்ளது. புதியவர்கள் காலாஸ்ட்ரியா, டங்கன் ஆகிய எல்.பி.எஸ். வகைகளில் தொடங்கி, யூஃபிலியா குடும்பத்தின் சுத்தியல் பவளத்துக்கு வந்து, பிறகு எஸ்.பி.எஸ். வகைகளுள் பொறுமையுள்ளதான தட்டு மொன்டிபோராவை வைத்துப் பார்க்கலாம். அந்த மொன்டிபோராவின் ஓரத்தில் புது வளர்ச்சியின் வெளிர்கோடு 3 மாதம் தொடர்ந்து தெரிந்தால்தான் அக்ரோபோராவுக்குப் போக வேண்டும். கோனியோபோரா பூங்கொத்துப்போல விரிந்து கண்ணைப் பறிக்கும். ஆனாலும் முதலாண்டில் அதை வாங்காதீர்கள்.

இரண்டாம்படி: தொட்டியும் கருவிகளும்

சிறு தொட்டி மலிவானது என்ற எண்ணத்தில் பலர் 60 லீற்றரில் தொடங்குகிறார்கள். நீரின் அளவு குறையக் குறைய எல்லாத் தவறும் பெரிதாகும். 200 லீற்றருக்குக் கீழே எஸ்.பி.எஸ். வளர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தொட்டிக்கு அடியில் சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டி இருந்தால் நீரின் மொத்த அளவும் கூடும், கருவிகளும் கண்ணில் படாமல் இருக்கும். கழிவுகளை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஸ்கிம்மர் அவசியமானது. நுண்ணுயிர்கள் குடிகொண்ட உயிர்ப்பாறையையும் வலுவான ஸ்கிம்மரையும் கொண்டு கல் பவளங்களை வளர்க்கும் முறையை ஜேர்மனியின் பேர்லின் நகர வளர்ப்பாளர்கள் பரப்பினார்கள். இன்றும் அது பேர்லின் முறை என்றே அறியப்படுகிறது, இன்றைய தொட்டிகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

சூடாக்கியை வாங்கும்போது பெரியது ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு வாங்கி, அவற்றைத் தனியான வெப்பக் கட்டுப்படுத்தியோடு இணையுங்கள். இதன் காரணத்தை இறுதியில் சொல்கிறேன். ஆவியாகும் நீரைத் தானாக ஈடுசெய்யும் கருவி ஆடம்பரமாகத் தோன்றலாம். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், அந்தக் கருவி இல்லாத தொட்டியில் உவர்ப்பு நாள்தோறும் ஏறி இறங்கும்; நன்னீர் ஊற்ற மறந்த ஒரு வார இறுதியே பவளங்களைச் சுருங்கவைக்கப் போதும்.

மூன்றாம்படி: நீர்

குழாய்நீரை அப்படியே பயன்படுத்த முடியாது. அதிலுள்ள பொசுபேற்றும் செப்பும் பவளங்களுக்குத் தீங்கானவை. செப்பு மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். ரொறன்ரோவைப் போலக் குளோரமின் கலக்கும் நகரங்களில் அதையும் நீக்க வேண்டும். எனவே பின்சவ்வூடு பரவல் வடிகட்டியும், அதன் பின்னே அயனிகளை நீக்கும் பிசினும் பொருத்திய கருவியை வாங்கி, வெளிவரும் நீரில் கரைந்துள்ள திண்மங்களின் அளவு சுழியமாக இருக்கிறதா என்று மானியால் பார்த்துக்கொள்ளுங்கள். மானி 2 அல்லது 3 காட்டத் தொடங்கினால் பிசினை மாற்ற வேண்டும்.

இந்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து உவர்ப்பை ஆயிரத்துக்கு 35 பங்காக, அதாவது 25 பாகை செல்சியஸில் 1.026 ஒப்படர்த்தியாகக் கொண்டுவாருங்கள். உவர்ப்பு அளக்கும் ஒளிமுறிவுமானியை 35 பங்கு நியமக் கரைசலால் சரிபார்க்க வேண்டும். நன்னீரால் மட்டும் சரிபார்த்த மானி கடல்நீரில் பிழையாகக் காட்டக்கூடும். என் முதல் தொட்டி பல மாதங்கள் ஆயிரத்துக்கு 31 பங்கில் ஓடியது. மானி 35 என்று காட்டிக்கொண்டிருந்தது.

நான்காம்படி: காத்திருத்தல்

பாறையை அடுக்கி நீரை நிரப்பிய பின், அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் நிலைகொள்ளப் பொதுவாக 3 முதல் 6 வாரங்கள் ஆகும். அமோனியாவும் நைத்திரைற்றும் சுழியத்தைத் தொட்டபின் வலிமையான மீன் ஒன்றிரண்டையும் நத்தைகளையும் சேர்க்கலாம். பவளத்துக்கு இது போதாது. உலர்பாறையில் தொடங்கிய தொட்டியில் பழுப்புப் படலம், பச்சை இழை என்று அல்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும்; பாறையில் ஊதாநிறச் சுண்ணாம்பு அல்கா படரத் தொடங்குவதே நல்ல அறிகுறி. எல்.பி.எஸ். வகைகளுக்கு 3 மாதம், அக்ரோபோராவுக்கு 9 முதல் 12 மாதம் என்பது என் கணக்கு. இதைச் சுருக்க விற்கப்படும் புட்டிகள் பல உண்டு. சில பற்றீரியாவின் வரவை விரைவாக்கும். தொட்டியின் முதிர்ச்சியை எந்தப் புட்டியாலும் கொண்டுவர முடியாது.

ஐந்தாம்படி: ஒளி

பவளத்தில் விழும் ஒளியை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் கதிர்வீச்சின் அளவாக, பார் என்ற பெயரில் வளர்ப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். பெரும்பாலான எல்.பி.எஸ். வகைகளுக்கு 50 முதல் 150, மொன்டிபோராவுக்கு 150 முதல் 250, அக்ரோபோராவுக்கு 200 முதல் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மானி விலைகூடியது; வளர்ப்பாளர் கழகங்களிலும் சில கடைகளிலும் ஒருநாள் இரவல் கிடைக்கும். அந்த ஒருநாளில் பாறையின் ஒவ்வொரு மேடையிலும் அளந்து வரைபடமாக எழுதி வைத்தால், பின்பு ஒவ்வொரு துண்டையும் எங்கே ஒட்டுவது என்ற கேள்வி எளிதாகிவிடும்.

எல்.ஈ.டி. விளக்குகளில் 400 முதல் 480 நனோமீற்றர் வரையான ஊதா, நீல அலைநீளங்கள் வலுவாக இருக்க வேண்டும். ஒளிர்வுப் புரதங்கள் கண்ணுக்கு உயிர்பெறுவது அந்த ஒளியில்தான். முழுநீலத்தில் எல்லாப் பவளமும் அழகாகத் தோன்றும் என்பதால், உடல்நலத்தை மதிப்பிடும்போது வெள்ளை ஒளியையும் ஏற்றிப் பாருங்கள். நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் ஒளி போதும். புதிய விளக்கு பொருத்தினால் பாதி வலிமையில் தொடங்கி 4 வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். ஒளி குறைந்தால் பவளம் பழுப்பாகும், அதைத் திருத்த மாதக்கணக்கில் காலம் உண்டு. ஒளி திடீரென்று கூடினால் சில நாள்களிலேயே அல்காக்களை வெளியேற்றி வெளுத்துவிடும். தவறு செய்வதென்றால் குறைந்த பக்கம் செய்யுங்கள்.

ஆறாம்படி: நீரோட்டம்

அக்ரோபோராவின் கிளைகளுக்கிடையே நீர் ஒரே திசையில் பாயாமல் குழம்பி அலைய வேண்டும். தொட்டிக்கொள்ளளவின் 30 முதல் 50 மடங்கு நீரை மணிக்கொரு முறை புரட்டக்கூடிய விசைப்பம்புகள் இரண்டை எதிரெதிரே வைத்து, மாறிமாறி இயங்கச் செய்யலாம். எல்.பி.எஸ். வகைகளின் தசை நேரடி வீச்சில் எலும்புக்கூட்டின் கூர்விளிம்பில் உரசிக் கிழியும். அவற்றின் கைகள் மெல்ல அசைந்தால் போதும்.

ஏழாம்படி: காரத்தன்மையை அசையாமல் வைத்திருத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் வாசிக்க நேரமிருப்பவர் இதை வாசிக்கட்டும். பவளம் தன் எலும்புக்கூட்டை நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு கட்டுகிறது. கடல்நீரில் கல்சியம் லீற்றருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம். மக்னீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம். காபனேற்றின் இருப்பைக் காட்டும் காரத்தன்மை, அதை அளக்கும் டி.கே.எச். என்ற அலகில், ஏறத்தாழ 7. தொட்டியில் கல்சியத்தை 400க்கும் 450க்கும் இடையிலும், மக்னீசியத்தை 1,280க்கும் 1,380க்கும் இடையிலும், காரத்தன்மையை 7.5க்கும் 8.5க்கும் இடையில் நீங்கள் தேர்ந்த ஓர் எண்ணிலும் வைத்திருங்கள்.

பவளம் எலும்பு கட்டும்போது காரத்தன்மை 1 டி.கே.எச். குறைந்தால் கல்சியம் லீற்றருக்கு 7 மில்லிகிராம் மட்டுமே குறைகிறது. அதாவது 420 இலிருந்து 413க்கு வந்த கல்சியத்தை உங்கள் சோதனைப் பெட்டி கண்டுபிடிக்கவே தவறலாம். அதே நேரத்தில் 8 இலிருந்து 7க்கு இறங்கிய காரத்தன்மை அக்ரோபோராவின் நுனியை வாட்டத் தொடங்கியிருக்கும். ஆகவே காரத்தன்மையே அடிக்கடி அளக்க வேண்டியது, முதல் மாதங்களில் நாள்தோறும், அதுவும் ஒரே நேரத்தில். எதுவும் சேர்க்காமல் 3 நாள் அளந்தால் உங்கள் தொட்டியின் ஒருநாள் செலவு தெரிந்துவிடும்.

அந்தச் செலவை ஈடுசெய்ய எளிய வழி, காரக்கரைசலும் கல்சியக்கரைசலும் தனித்தனியாகச் சேர்ப்பது. நாம் வீட்டில் அப்பச்சோடா என்று சொல்லும் சோடியம் இருகாபனேற்று 100 லீற்றர் நீரில் 3 கிராம் சேர்ந்தால் காரத்தன்மை 1 டி.கே.எச். உயரும். என் 300 லீற்றர் தொட்டி நாளொன்றுக்கு 1 டி.கே.எச். செலவழிக்கிறது, எனவே 9 கிராம். அதே அளவு வளர்ச்சிக்கு ஈடான கல்சியத்துக்கு, இரு மூலக்கூறு நீர்கொண்ட கல்சியம் குளோரைட்டு ஏறத்தாழ 8 கிராம். இவ்விரண்டையும் தனித்தனிப் பாத்திரங்களில் தூயநீரில் கரைத்து, டோசிங் பம்ப் மூலம் நாள் முழுவதும் சிறு சிறு பங்குகளாக, தொட்டியின் வேகமான நீரோட்டத்தில், வெவ்வேறு நேரங்களில் சேர்க்க வேண்டும். ஒன்றையடுத்து உடனே மற்றதைச் சேர்த்தால் வெண்படிவாக இறங்கி இரண்டுமே வீணாகும்.

வேறு வழிகளும் உண்டு. கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்த சுண்ணநீரை, ஆவியாகும் நீருக்கு ஈடாக இரவில் துளித்துளியாக விடலாம். லீற்றருக்கு ஏறத்தாழ 1.5 கிராம்தான் கரையும், கரைசல் கடுங்காரமானது, மொத்தமாகக் கொட்டினால் தொட்டியே போய்விடும். பவளச்சரளையைக் காபனீரொட்சைட்டால் கரைக்கும் கல்சியம் றியாக்டர் பெரிய தொட்டிகளுக்குச் சிறந்தது. எந்த முறையானாலும், விலகிப்போன காரத்தன்மையைத் திருத்தும்போது ஒருநாளில் 0.5 டி.கே.எச். அளவுக்கு மேல் மாற்றாதீர்கள். ஒருமுறை 6.2 என்று கண்டு பதறி அன்றிரவே 9க்கு உயர்த்தினேன். இரண்டாம் நாள் காலையில் மூன்று அக்ரோபோராக்களின் தசை அடியிலிருந்து உரிந்து நீரில் மிதந்தது. 6.2 இல் அவை வாரக்கணக்கில் உயிரோடுதான் இருந்தன.

குளிர்நாடுகளில் வாழ்வோருக்கு ஒரு குறிப்பு. பனிக்காலத்தில் கதவும் யன்னலும் அடைத்த வீட்டில் நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு தேங்கி, தொட்டியின் பி.எச். அளவை 8.2 இலிருந்து 7.8 வரை இறக்கிவிடும். இதைக் கண்டு பி.எச். உயர்த்தும் தூளைக் கொட்டினால் காரத்தன்மைதான் தாறுமாறாக ஏறும், காரணம் அப்படியே இருக்கும். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை யன்னல் இடுக்கு வழியாக வெளியே நீட்டிப் புதிய காற்றை இழுக்கச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு குழாயே ஜனவரியில் 7.85 ஆக இருந்ததை 8.1 ஆக்கியது.

எட்டாம்படி: ஊட்டத்தின் அளவு

நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அறவே ஒழிக்க வேண்டும் என்று நீண்டகாலம் கற்பிக்கப்பட்டது. நானும் பொசுபேற்று உறிஞ்சியைப் போட்டுச் சுழியத்தைக் கண்டு மகிழ்ந்தேன். பவளங்கள் வெளிறின, மணலில் பழுப்புச் சளியாக டைனோஃபிளஜெலேற்றுகள் படர்ந்தன. ஊட்டம் இல்லாத நீரில் காரத்தன்மையும் 9க்கு மேல் இருந்தால் கிளைநுனிகள் எரிந்ததுபோல வெண்மையாகும். லீற்றருக்கு நைத்திரேற்று 2 முதல் 10 மில்லிகிராம், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்பதே நிறத்துக்கு உகந்த எல்லை என்று கண்டிருக்கிறேன். குறைந்தால் மீனுக்கு இன்னும் கொஞ்சம் உணவிடுங்கள். மீன் உண்டு கழிப்பதே பவளத்துக்கு நல்ல ஊட்டம். கூடினால் வாரத்துக்கு 10 விழுக்காடு நீரை மாற்றி, ஸ்கிம்மர் சற்று நீர்கலந்த நுரையைக் கூடுதலாக வெளியேற்றும்படி விடுங்கள். உறிஞ்சியைப் பயன்படுத்த வேண்டி வந்தால் சொல்லப்பட்ட அளவில் கால்பங்கோடு தொடங்குங்கள். பொசுபேற்றின் திடீர் வீழ்ச்சி அதன் மிகுதியைவிட அதிகப் பவளங்களைக் கொன்றிருக்கிறது.

ஒன்பதாம்படி: துண்டு வீட்டுக்கு வரும் நாள்

பூச்சியில்லாத துண்டு என்று எவர் உறுதி சொன்னாலும், அதைச் சோதிக்காமல் தொட்டியில் இடாதீர்கள். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு அதன் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது கடித்த வட்டமான வெளிர்த்தழும்புகளே தெரியும். மொன்டிபோராவுக்கு வெண்ணிறக் கடல்நத்தை உண்டு. அயடீனோ, அதற்கென விற்கப்படும் குளியல்நீரோ கலந்த பாத்திரத்தில், சொல்லப்பட்ட நேரம் துண்டை வைத்து, சிறு குழாயால் நீரைப் பீய்ச்சி அசைத்துப் பாருங்கள், புழுக்கள் உதிரும். முட்டைகள் குளியலில் சாவதில்லை. எனவே துண்டை அதன் பழைய அடித்தட்டிலிருந்து வெட்டி எடுத்துப் புதிய தட்டில் ஒட்டி, தனித்தொட்டியில் 6 வாரம் வைத்து, வாரம் ஒருமுறை குளியலைத் திரும்பச் செய்ய வேண்டும். தனித்தொட்டிக்கு இடமில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: இடம் கிடைக்கும்வரை அக்ரோபோரா வாங்காதீர்கள். தட்டைப்புழு புகுந்த தொட்டியைத் துப்புரவாக்க எனக்கு 7 மாதம் பிடித்தது.

துண்டோடு ஒட்டிவரும் பாறையில், பொத்தான்போன்ற பொலிப்புகளைக் கொண்ட சோவாந்திட் வகை உயிர்கள் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் சில, குறிப்பாகப் பாலிதோவா, பாலிடொக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டவை. கையுறையும் கண்காப்பும் அணியுங்கள். அத்தகைய பாறையை ஒருபோதும் வெந்நீரால் கழுவவோ கொதிக்கவைக்கவோ கூடாது, ஆவியில் கலந்த நஞ்சு வீட்டிலுள்ளோர் அனைவரையும் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடியது.

பத்தாம்படி: இடமும் அயலும்

பவளங்கள் அசையாதவை என்பதால் அமைதியானவை என்று எண்ணக் கூடாது. கலக்ஸியா இரவில் நீட்டும் கொட்டும் கைகள் ஒரு சாணுக்கும் எட்டும். யூஃபிலியா குடும்பத்தில் சுத்தியல் பவளமும் தவளைமுட்டைப் பவளமும் தொட்டுக்கொண்டு வாழும். தீப்பந்தப் பவளம் அவ்விரண்டையும் எரித்துவிடும். எல்.பி.எஸ். வகைகளுக்கிடையே 15 சென்ரிமீற்றராவது விட்டு ஒட்டுங்கள். அக்ரோபோராவுக்கு இன்றைய அளவை மறந்து, 3 ஆண்டில் அது கைப்பந்தளவு ஆகும் என்று எண்ணி இடம் விடுங்கள். ஒட்டுவதற்கு சயனோ அக்ரிலேற்றுக் களிப்பசை நீருக்குள்ளும் பிடிக்கும். ஒட்டியபின் மாதக்கணக்கில் இடம் மாற்றாதீர்கள். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளப் பொலிப்புகளையே உண்பவை. பெரிய ஏஞ்சல் மீன்களும் சதைப்பற்றுள்ள பவளங்களைக் கொறிக்கும்.

உணவைப் பொறுத்தவரை, எல்.பி.எஸ். வகைகளுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை, விளக்கணைந்து கைகள் விரிந்தபின், உறைந்த மைசிஸ் இறாலை உருக்கி ஒவ்வொரு வாயருகிலும் வைக்கலாம். எஸ்.பி.எஸ். வகைகளுக்கு நுண்ணிய உணவு சிறிதளவே போதும்.

பதினோராம்படி: நாள்தோறும் பார்ப்பது

காலையில் ஐந்து நிமிடம் தொட்டியின் முன் நில்லுங்கள். பொலிப்புகள் விரிந்திருக்கின்றனவா, கிளைநுனிகள் வெளிர்ந்து வளர்கின்றனவா, அடிப்பகுதியில் தசை பாறைமேல் படர்கிறதா என்று பாருங்கள். அடியிலிருந்து மெல்ல வெண்மை ஏறினால் முதலில் காரத்தன்மையையும் பொசுபேற்றையும் அளக்க வேண்டும். ஓரிரவில் தசை முழுதும் உரியத் தொடங்கினால் அந்தப் பவளத்தைக் காப்பது அரிது. வெண்மையைத் தாண்டி நல்ல தசையுள்ள இடத்தில் வெட்டி, நுனிகளைத் தனியே ஒட்டிவிடுங்கள். யூஃபிலியாவின் மேல் பழுப்புக் கூழ் தோன்றினால் அதைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்து, நோயுற்ற தலையை அன்றே பிரித்துவிட வேண்டும். அயலிலுள்ள தலைகளுக்கு அது விரைவில் தொற்றும். அளந்த எண்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு பவளம் நிறம் மாறினால், காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் முந்திய பக்கத்தில் இருக்கும்.

வெப்பநிலை 24க்கும் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். மின்தடைக்காக மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்; மின்சாரம் போனால் குளிரைவிட ஒட்சிசன் குறைவே முதலில் கொல்லும்.

பன்னிரண்டாம்படி: வெட்டுவதும் கொடுப்பதும்

நன்றாக வளர்ந்த பவளத்தை ஆண்டுக்கொரு முறையாவது வெட்ட வேண்டியிருக்கும். கிளைப்பவளங்களுக்கு எலும்புவெட்டிக் கத்தரி போதும், தட்டான மொன்டிபோராவைக் கையாலேயே முறிக்கலாம், தடித்த எல்.பி.எஸ். வகைகளுக்கு நீரில் நனைத்தோடும் வைர வாள் வேண்டும். 3 சென்ரிமீற்றர் நீளமான கிளையை வெட்டி, குளியலில் நனைத்து, தட்டில் பசையிட்டு நிறுத்தி, மிதமான ஒளியில் வையுங்கள். இரண்டு வாரத்தில் தசை பசையின்மேல் ஏறிப் படரத் தொடங்கும். ஒரு மாதத்தில் அது தனிப்பவளம்.

முதலில் வெட்டிய துண்டை நம்பிக்கையான வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுத்து வையுங்கள். 4 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி இரவில் எங்கள் தொட்டியின் ஒரே சூடாக்கி அணையாமல் ஒட்டிக்கொண்டது. காலையில் நீர் 33 பாகை. நண்பகலுக்குள் அக்ரோபோராக்கள் அனைத்தும் வெறும் கல்லாகிவிட்டன. அவற்றுள் 6 ஆண்டுகள் வளர்த்த, உடல் பச்சையும் நுனி ஊதாவுமான ஒன்றின் சிறு கிளையை, அதற்கு இரண்டு கோடைக்கு முன் ஸ்காபரோவில் வாழும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். தொட்டி மீண்டும் நிலைகொண்டபின் அவர் தன் கொத்திலிருந்து விரலளவு கிளையொன்றை வெட்டி, ஈரத்துணி சுற்றிய பாத்திரத்தில் கொண்டுவந்து தந்தார். இப்போது அது, முன்பிருந்த அதே மேடையில், உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருக்கிறது.